ஒரே பின்னுக்கு இரண்டு போர்டுகள்: ராஸ்பெர்ரி பையில் மோதலைத் தீர்க்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியின் மேல் ஹைஃபைபெர்ரி டாக் பிளஸ் போன்ற ஆடியோ போர்டு (எண்வடிவ ஒலித் தரவை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் டாக் போர்டு) ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல், மூன்று ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) கொண்ட வேவ்ஷேர் போர்டையும் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் அதே 40 பின் இணைப்பியில் சரியாக உட்காருகின்றன. ஆனால் ரிலேவை இயக்கும் நிரலை ஓட்டியதும் பாட்டு நின்றுவிடுகிறது, அல்லது பாட்டு ஓடும்போது மூன்றாம் ரிலே தன் விருப்பத்துக்கு நடக்கிறது. போர்டுகளில் எந்தப் பழுதும் இல்லை. ஆடியோ போர்டு, ஜிபிஐஓ எனப்படும் பொதுப்பயன் பின்களில் 18 முதல் 21 வரையிலானவற்றைக் கேட்கிறது. ரிலே போர்டு 26, 20, 21 ஆகியவற்றைக் கேட்கிறது. 20, 21 ஆகிய இரண்டும் இரு பட்டியல்களிலும் இருக்கின்றன.

2014இல் வந்த பி பிளஸ் மாடல் முதல் இன்றைய பை 5 வரை இந்த 40 பின் அமைப்பு மாறவில்லை. அவற்றில் 8 கிரவுண்ட், 2 பின் 5 வோல்ட், 2 பின் 3.3 வோல்ட், மீதமுள்ள 28தான் சமிக்ஞைப் பின்கள், அவற்றிலும் 0, 1 ஆகிய இரண்டு போர்டு அடையாளத்துக்கென ஒதுக்கப்பட்டவை. மிஞ்சிய 26 பின்களை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் போர்டு மட்டுமே பையின் மேல் இருக்கப்போகிறது என்ற எண்ணத்தில் எடுத்துக்கொள்கிறார். இரண்டாவது போர்டை வாங்கியவர்தான் தரகராக நின்று இந்த வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அமைப்பை மாற்றுவதா, வயர் இழுப்பதா, இடையில் ஒரு சிப்பை வைப்பதா, யுஎஸ்பிக்குப் போவதா, தனி மைக்ரோகன்ட்ரோலர் வாங்குவதா என்று திகைத்து நிற்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. இதில் வரும் பின் எண்கள் யாவும் ஜிபிஐஓ எண்கள். வேறு எண் வரும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். ஐ2சி என்னும் இருவயர்த் தரவுப் பாதையில் சிப்களுக்கு உள்ள முகவரிகள் யாவும் பதினறும எண்கள்.

## மோதல் எந்த வகையைச் சேர்ந்தது?

தீர்வைத் தேடும் முன் இதற்கு விடை காண வேண்டும், ஏனெனில் ஒரு வகைக்குப் பொருந்தும் மருந்து இன்னொரு வகைக்கு வேலை செய்யாது.

முதல் வகை, பின்னே மோதுவது. மேலே சொன்ன ஆடியோ, ரிலே வழக்கு அப்படிப்பட்டது. ஒரு பின் ஒரே நேரத்தில் ஐ2எஸ் எனப்படும் எண்வடிவ ஒலிப் பாதையாகவும் சாதாரண வெளியீடாகவும் இருக்க முடியாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஒலியை வெளியே அனுப்ப மட்டுமே செய்யும் டாக் போர்டுக்கு ஜிபிஐஓ 20, அதாவது ஒலி உள்ளே வரும் பின், மின்சார அளவில் தேவையே இல்லை; ஆனாலும் ஆடியோ டிரைவர் 18 முதல் 21 வரை நான்கையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் வழியாகப் பின்னைக் கேட்கும் நிரலுக்கு, அந்தப் பின் ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது என்று பிழைச்செய்தி கிடைக்கும். பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகமோ சிப்பின் உள் நினைவிடமான ரெஜிஸ்டரில் நேரடியாக எழுதிவிடுவதால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பின்னின் வேலையை மாற்றிவிடும். பாட்டு சத்தமில்லாமல் நின்றுபோவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாம் வகை, முகவரி மோதல். ஐ2சி தரவுப் பாதையில் பல போர்டுகள் 2, 3 ஆகிய அதே இரு பின்களைப் பகிர்ந்துகொள்வது மோதல் அன்று. அந்தப் பாதை அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. இரண்டு சிப்கள் ஒரே முகவரியில் பதில் சொல்லும்போதுதான் சிக்கல். சர்வோ மோட்டார்களை ஓட்டும் பிசிஏ9685, மின்னோட்டம் அளக்கும் ஐஎன்ஏ219, ஈரப்பதம் அளக்கும் எஸ்ஐ7021 ஆகிய மூன்றும் தொடக்கத்தில் 40 என்ற முகவரியில்தான் இருக்கும். கடிகார சிப்பான டிஎஸ்3231உம் அசைவு உணரியான எம்பியு6050உம் 68இல் சந்திக்கும். பாதையைத் துழாவும் ஐ2சி-டிடெக்ட் கட்டளை இந்த மோதலைக் காட்டாது என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒரே முகவரியில் இரண்டு சிப்கள் இருந்தாலும் அது ஒன்றாகவே காட்டும். ஆகவே போர்டுகளை ஒவ்வொன்றாகத் தனியே பொருத்தி, துழாவி, முகவரிகளைத் தாளில் குறித்துக்கொண்டு ஒப்பிடுவதே நம்பத்தக்க முறை.

மூன்றாம் வகை, அடையாள மோதல். ஹேட் எனப்படும், பையின் மேல் அமரும் போர்டுகளுக்கான வரையறைப்படி அமைந்த போர்டில், அதன் அடையாளத்தைச் சேமித்து வைத்திருக்கும் ஈஈப்ராம் என்னும் சிறிய நினைவகச் சிப் ஒன்று இருக்கும். பை துவங்கும்போது 0, 1 பின்கள் வழியாக, 50 என்ற முகவரியில் அதைப் படித்து, போர்டுக்கு உரிய ஓவர்லேயை (எந்தப் பின் எதற்கு என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பு) தானே ஏற்றும். இரண்டு ஹேட்கள் அடுக்கப்பட்டால் இரண்டு ஈஈப்ராமும் ஒரே முகவரியில் ஒருசேரப் பேசும். படிக்கப்படுவது குழம்பிப்போய் இரண்டில் எந்த ஓவர்லேயும் ஏறாமல் போகலாம். பின்னர் வந்த ஹேட் பிளஸ் வரையறை, அடுக்குவதற்கென்றே செய்யப்படும் போர்டுகளுக்கு வேறு முகவரியை ஒதுக்கி இதைச் சரிசெய்கிறது; ஆனால் சந்தையில் இருப்பவற்றில் மிகப் பல பழைய வரையறையைச் சேர்ந்தவை.

நான்காவது வகை கண்ணுக்கே தெரியாது: பின்கள் வேறு வேறாக இருந்தும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உள்வளம் ஒன்றாக இருக்கும். பை 3இல் முழுத்திறன் கொண்ட யுஆர்ட் (சீரியல் தொடர்புக்கான சுற்று) புளூடூத்துக்குப் போய்விடுவதால் 14, 15 பின்களுக்கு மினி யுஆர்ட் எனப்படும் எளிய ஒன்றுதான் கிடைக்கிறது. அதன் வேகம் சிப்பின் மையக் கடிகாரத்தைச் சார்ந்தது. ஜிபிஎஸ் போர்டு சில நேரம் குப்பை எழுத்துகளை அனுப்புவதாகத் தோன்றினால் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், அந்த வேலை இடம்பெயரக் கூடியதா என்பது. இணைப்பியில் ஐ2எஸ் ஆடியோவுக்கு 18 முதல் 21 தவிர வேறு இடம் கிடையாது. ரிலேவுக்கோ காலியான எந்தப் பின்னும் போதும். ஆகவே இடம்பெயர முடியாத போர்டை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, பெயரக் கூடியதைப் பெயர்ப்பதுதான் கீழே வரும் எல்லா வழிகளுக்கும் பொதுவான விதி. விலை அதிகமான போர்டு நகரக் கூடாது, மலிவானது நகரட்டும் என்று பலர் தொடங்குகிறார்கள். விலைக்கும் இந்த விதிக்கும் தொடர்பில்லை.

அடுத்தது நேரத் துல்லியம். ஒலித் தரவின் கடிகாரம் 44.1 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு சுமார் 28 லட்சம் முறை துடிக்கிறது. ரிலே ஒரு நாளில் சில முறை மாறுகிறது. இவை இரண்டுக்கும் ஒரே வகைப் பாதை தேவையில்லை. மூன்றாவது, இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகும் தீர்வு நிலைக்குமா என்பது. நான்காவது, மின்சாரமும் இடமும் வெப்பமும். ஐந்தாவது, ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதைத் திறந்து பார்த்தால் புரியுமா என்பது. பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். இந்த வழிகளில் பெரும்பாலானவற்றில் பொருளின் விலையைவிட அதற்குச் செலவாகும் மாலை நேரங்கள்தான் அதிகம்.

## வழி 1: அமைப்பை மட்டும் மாற்றுதல்

கருவியைத் தொடாமல், பையின் துவக்க அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை மாற்றியோ போர்டில் உள்ள முகவரி ஜம்பரை (இரு கால்களை இணைக்கும் சிறு மூடி) நகர்த்தியோ தீர்த்துவிட முடியுமானால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. ஹைஃபைபெர்ரி ஆம்ப்2 போர்டு ஒலியை முடக்க ஜிபிஐஓ 4ஐப் பயன்படுத்துகிறது. வெப்பநிலை உணரியான டிஎஸ்18பி20 அமரும் ஒன்-வயர் பாதையும் வேறு சொல்லாவிட்டால் அதே 4ஐ எடுத்துக்கொள்ளும். ஒன்-வயர் ஓவர்லேவுக்குப் பின் எண்ணை 17 என்று கொடுத்து, உணரியின் வயரையும் அங்கே மாற்றினால் வழக்கு முடிந்தது. எம்பியு6050இன் ஏடி0 காலை 3.3 வோல்ட்டுடன் இணைத்தால் அது 69க்கு நகர்ந்து, கடிகார சிப்புக்கு 68ஐ விட்டுக்கொடுக்கும். அனலாக் மின்னழுத்தம் அளக்கும் ஏடிஎஸ்1115க்கு நான்கு முகவரிகள், ஐஎன்ஏ219க்கு 16 முகவரிகள் உண்டு. இரண்டு ஹேட்களின் அடையாள மோதலுக்கும் இதே வழி பெரும்பாலும் போதும்: ஈஈப்ராமைப் படிக்க வேண்டாம் என்று கான்ஃபிக் கோப்பில் சொல்லிவிட்டு, இரண்டு ஓவர்லேகளையும் நாமே பெயர் சொல்லி ஏற்றிக்கொள்ளலாம்.

மறைந்த செலவுகளும் இருக்கின்றன. சில சிப்களுக்கு முகவரி மாறவே மாறாது. எஸ்ஐ7021 அப்படிப்பட்டது, அதனுடன் மோதும் மற்றதுதான் நகர வேண்டும். சில போர்டுகளின் முகவரித் திட்டுகள் சால்டர் வைத்தே இணைக்க வேண்டிய அளவுக்குச் சிறியவை. போர்டுடன் வரும் தயாரிப்பாளரின் நிரலில் பழைய முகவரியோ பழைய பின் எண்ணோ உள்ளே எழுதப்பட்டிருந்தால், அதைத் திருத்தி வைத்திருக்கும் பொறுப்பும் நம்முடையதாகிவிடும். அடுத்த புதுப்பிப்பு அந்தத் திருத்தத்தை அழித்துவிடும். கோப்பு இருக்கும் இடமும் மாறியிருக்கிறது: இயங்குதளத்தின் புக்வோர்ம் பதிப்பு முதல் கான்ஃபிக் கோப்பு பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்னும் உள் அடைவில் இருக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றித் தவறான இடத்தில் எழுதிவிட்டு, மாற்றம் வேலை செய்யவில்லை என்று அடுத்த வழிக்குப் போய்விடுவது பரவலாக நடப்பது.

## வழி 2: அடுக்கைக் கலைத்து வயர் இழுத்தல்

பின்னே மோதும் வழக்குகளில் இதுதான் என் முதல் தேர்வு. அடுக்கின் அழகு குலைகிறதே என்பதற்காக இதைத் தவிர்ப்பவர்களை நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஆதரிக்கவில்லை.

நம் எடுத்துக்காட்டில், டாக் போர்டு பையின் மேலேயே இருக்கட்டும். ரிலே போர்டில் ஒவ்வொரு ரிலேவுக்கும் கட்டுப்பாட்டு ஜம்பர் ஒன்று இருக்கிறது. முதல் ரிலே 26இல் இருக்கிறது, அதில் மோதல் இல்லை, அப்படியே விடலாம். மற்ற இரண்டின் ஜம்பர்களையும் எடுத்துவிட்டு, அவற்றுக்கு ஜிபிஐஓ 5, 6 ஆகியவற்றிலிருந்து, அதாவது இணைப்பியின் 29, 31ஆம் கால்களிலிருந்து, வயர் இழுத்தால் போதும். இரண்டு வயர்கள், நிரலில் இரண்டு எண்கள் மாறும். ஜம்பர் வசதி இல்லாத போர்டாக இருந்தால், நீண்ட கால் கொண்ட அடுக்கு இணைப்பியை இடையில் வைத்து, அதில் மோதும் காலை மட்டும் மேலே போகாதபடி வெட்டிவிட்டு, மேல் போர்டுக்குத் தனி வயர் கொடுக்கலாம். அல்லது போர்டை அடுக்கிலிருந்து முழுவதுமாக இறக்கி, அதற்கு வேண்டிய மின்சாரம், கிரவுண்ட், கட்டுப்பாட்டு வயர்கள் ஆகியவற்றை மட்டும் கொடுத்துத் தனியே வைத்துவிடலாம். 230 வோல்ட்டைத் தொடும் ரிலேக்களை ஒலிப் போர்டின் தலைக்கு மேல் வைக்காமல் தள்ளி வைப்பது வேறு காரணங்களுக்காகவும் நல்லதே.

புதிய பின்னைத் தேர்ந்தெடுக்கும்போது, காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பை மின்சாரம் பெற்று, நிரல் தொடங்கும் வரையிலான நேரத்தில் ஜிபிஐஓ 0 முதல் 8 வரை உள்ளார்ந்த புல்-அப் (மேல்நோக்கி இழுக்கப்பட்ட) நிலையிலும், 9 முதல் 27 வரை புல்-டவுன் (கீழ்நோக்கி இழுக்கப்பட்ட) நிலையிலும் இருக்கும். இந்த ரிலே போர்டு சமிக்ஞை தாழும்போது இயங்கும் வகை. ஆகவே மேல்நோக்கி இழுக்கப்பட்ட 5, 6 பின்கள் அதற்கு ஏற்றவை. புல்-டவுன் பின்களில், போர்டின் உள்ளீட்டுச் சுற்றைப் பொறுத்து, துவக்கத்தின்போது ரிலே ஒரு கணம் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. தண்ணீர் மோட்டாரோ கதவுப் பூட்டோ அதில் இணைந்திருந்தால் அது விளையாட்டு அன்று. பின்னின் தொடக்க நிலையைக் கான்ஃபிக் கோப்பிலேயே சொல்லிவைக்கவும் வழி இருக்கிறது. ஜிபிஐஓ 14ஐ ரிலேவுக்குக் கொடுக்கவே கூடாது. சீரியல் கன்சோல் இயக்கத்தில் இருந்தால் துவக்கச் செய்திகள் அந்தப் பின் வழியாகத்தான் வெளியேறும், ரிலேவும் அவற்றோடு சேர்ந்து ஆடும். 26ஐப் பற்றியும் ஒரு சொல்: மின்சாரத்தைத் துண்டிப்பதற்கான பவர்ஆஃப் ஓவர்லே வேறு சொல்லாவிட்டால் 26ஐத்தான் எடுத்துக்கொள்ளும். யுபிஎஸ் போர்டு ஒன்றைச் சேர்க்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த வழியின் எல்லை வயரின் நீளம். ரிலேவுக்கு அரை மீட்டர் வயர் ஒரு பொருட்டே இல்லை. எஸ்பிஐ (வேகமான இன்னொரு தரவுப் பாதை), ஐ2எஸ் வழிகளை அப்படி நீட்டக் கூடாது. ஐ2சிக்கு மொத்தக் கொள்ளளவு 400 பிகோஃபாரட் என்னும் வரம்பு உண்டு. இன்னொரு குறை, சாதாரண ஜம்பர் வயர்கள் அதிர்வில் கழன்றுகொள்ளும். வண்டியிலோ பம்பு அறையிலோ வைப்பதானால் பூட்டுள்ள இணைப்பிகள் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் வயர்க் கட்டை வாங்கும்போதே கிரிம்ப் செய்த இணைப்பிகளையும் வாங்கிவிடுவது மேல்.

## வழி 3: இடையில் ஒரு சிப்

இதில் இரண்டு வெவ்வேறு மருந்துகள் ஒரே பெயரில் வருகின்றன. முகவரி மோதலுக்கு டிசிஏ9548ஏ போன்ற மல்டிபிளெக்சர்; பின்கள் போதவில்லை என்றால் எம்சிபி23017 போன்ற எக்ஸ்பாண்டர்.

மல்டிபிளெக்சர் ஒரு ஐ2சி பாதையை எட்டுக் கிளைகளாகப் பிரித்து, நாம் சொல்லும் கிளையை மட்டும் திறக்கும். ஒரே முகவரி கொண்ட நான்கு உணரிகளை நான்கு கிளைகளில் போட்டுவிடலாம். ஆனால் முதன்மைப் பாதை எப்போதும் திறந்தே இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்: மோதும் இரண்டில் ஒன்றை முதன்மைப் பாதையிலேயே விட்டுவிட்டு மற்றதை மட்டும் கிளையில் போட்டால் மோதல் அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய பொறி இன்னொன்று: டிசிஏ9548ஏயின் தொடக்க முகவரி 70, பிசிஏ9685 சர்வோ சிப் தன் 40 தவிர, எல்லாச் சிப்களையும் ஒன்றாக அழைக்கும் பொது முகவரியாக 70க்கும் மின்சாரம் வந்தவுடனேயே பதில் சொல்லத் தொடங்கிவிடும். சர்வோ போர்டின் 40 மோதலைத் தீர்க்க மல்டிபிளெக்சரை வாங்கியவர் புதிதாக 70 மோதலை வாங்கியிருக்கிறார். மல்டிபிளெக்சரை 71க்கு நகர்த்தினால் போதும். இதைத் தெரியாமல் இருந்தால் ஒரு வாரம் போய்விடும்.

எக்ஸ்பாண்டர் 2, 3 என்னும் இரண்டு பின்களைக் கொண்டு 16 புதிய பின்களைத் தருகிறது; 20 முதல் 27 வரை எட்டு முகவரிகள் இருப்பதால் எட்டு சிப்கள் வரை சேர்க்கலாம். மின்சாரம் வந்ததும் அதன் எல்லாப் பின்களும் உள்ளீடாகவே இருப்பதால், நாம் சொல்லும் வரை ரிலேக்கள் பொதுவாக அசையாது. கெர்னலில் அதற்கு ஓவர்லே இருக்கிறது. ஏற்றிவிட்டால் சாதாரணப் பின்களைப் போலவே நிரலில் கையாளலாம். ரிலே, விளக்கு, பொத்தான் ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தம். துல்லியமான துடிப்பு தேவைப்படும் எதற்கும் பொருந்தாது.

ஐ2சி பாதையில் எதைச் சேர்த்தாலும் புல்-அப் மின்தடைகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். பையிலேயே 2, 3 பின்களில் 1.8 கிலோஓம் மின்தடைகள் இருக்கின்றன. சந்தையில் கிடைக்கும் ஒவ்வொரு சிறு போர்டும் தன் பங்குக்கு 4.7 கிலோஓமோ 10 கிலோஓமோ சேர்க்கிறது. 4.7 கிலோஓம் கொண்ட மூன்று போர்டுகள் சேர்ந்தால் மொத்தம் சுமார் 840 ஓமுக்கு இறங்கிவிடும். ஐ2சி சிப் ஒன்று உறுதியாகத் தாழ்த்தக் கூடிய 3 மில்லிஆம்பியர் கணக்குப்படி 3.3 வோல்ட்டில் ஏறத்தாழ 970 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. போர்டுகளில் உள்ள மின்தடைகளை நீக்குவதுதான் சரியான திருத்தம்.

இதே குடும்பத்தில் சேரும் காசில்லா வழி ஒன்றும் உண்டு: மென்பொருள் ஐ2சி. ஓர் ஓவர்லே வரியால் காலியான ஏதேனும் இரண்டு பின்களில் இரண்டாவது ஐ2சி பாதையை உண்டாக்கலாம்; சொல்லாவிட்டால் அது 23, 24ஐ எடுத்துக்கொள்ளும். பை 4 வரையிலான சிப்களின் வன்பொருள் ஐ2சிக்கு, பதில் தயாராகும் வரை கடிகாரத் துடிப்பைப் பிடித்து நிறுத்தும், அதாவது கடிகாரத்தை நீட்டும், கருவிகளிடம் தடுமாறும் பழைய குறை உண்டு. மென்பொருள் பாதையில் அந்தக் குறை இல்லை. வெளியே புல்-அப் மின்தடைகளை நாமே வைக்க வேண்டும் என்பதும், வேகம் குறைவு என்பதும் இதன் விலை.

## வழி 4: ஒன்றை யுஎஸ்பிக்கு அனுப்புதல்

யுஎஸ்பி டாக், யுஎஸ்பி சீரியல் மாற்றி, யுஎஸ்பி கேன் (வாகனங்களில் பயன்படும் தரவுப் பாதை) மாற்றி எல்லாமே கிடைக்கின்றன. பின் ஒன்றைக்கூடத் தொடாது. இயங்குதளம் மாறினாலும், பையை விட்டு வேறு கணினிக்கே போனாலும் வேலை செய்யும். நீண்ட காலம் யாரும் தொடாமல் ஓட வேண்டிய அமைப்புக்கு இந்த நிலைத்தன்மை பெரிய பலம். ஆனால் ஏற்கெனவே வாங்கிய போர்டு மேசை இழுப்பறைக்குப் போய்விடும். பை ஜீரோ வகையில் ஒரே ஒரு தரவு யுஎஸ்பி இருப்பதால் ஹப் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். ஒரே மாதிரியான இரண்டு மாற்றிகள் இருந்தால் மறுதுவக்கத்துக்குப் பின் அவற்றின் சாதனப் பெயர்கள் இடம் மாறிவிடலாம் என்பதால் நிலையான பெயர் விதி எழுத வேண்டும். பை 1 முதல் 3 வரை ஈதர்நெட்டும் யுஎஸ்பியும் ஒரே பாதையைப் பகிர்வதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

## வழி 5: பிக்கோ போன்ற மைக்ரோகன்ட்ரோலரிடம் ஒப்படைத்தல்

2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ 26 ஜிபிஐஓ பின்களையும் பையில் அறவே இல்லாத அனலாக் உள்ளீடுகள் மூன்றையும் தருகிறது. ரிலே, உணரி, பொத்தான் எல்லாவற்றையும் அதனிடம் கொடுத்து, யுஎஸ்பி வழியாகப் பையுடன் பேசச் செய்தால் மோதல் என்ற பேச்சே எழாது. லினக்ஸ் மறுதுவங்கினாலும் ரிலேக்கள் தம் நிலையிலேயே நிற்கும். நேரத் துல்லியமும் லினக்ஸைவிட மிக நன்றாக இருக்கும். பாதுகாப்பு முக்கியமான எதையும், கதவோ ஹீட்டரோ பம்போ, நான் இப்படித்தான் பிரித்து வைப்பேன்.

அதற்குக் கொடுக்கும் விலை இரண்டு நிரல்கள். இரண்டுக்கும் இடையில் என்ன செய்தி, எந்த வடிவில், பதில் வராவிட்டால் என்ன என்பதையெல்லாம் நாமே வரையறுக்க வேண்டும். பை உறைந்துபோனால் பிக்கோ எத்தனை நொடிக்குப் பின் ரிலேக்களை அணைக்க வேண்டும் என்பதை எழுதாமல் விட்டால், இந்த வழியின் பாதிப் பயன் போய்விடும். ஹேட் வடிவப் போர்டுகள் பிக்கோவின் மேல் உட்காராது என்பதால், போர்டு ஏற்கெனவே கையில் இருந்தால் எப்படியும் வயர் இழுத்தாக வேண்டும். இரண்டு ரிலேக்களுக்காக மட்டும் இவ்வளவு தேவையில்லை.

இரண்டாவது பை ஒன்றை வாங்கி நெட்வொர்க்கில் இணைப்பதும் ஒரு வழிதான். போர்டுகள் இரண்டுமே தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, மாறாத நிரல்களோடு ஓட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் அதைப் பரிந்துரைப்பேன். மெமரி கார்டு, மின்வழங்கி, புதுப்பிப்பு எல்லாம் இரட்டிப்பாகும்.

## ஒரே பார்வையில்

| வழி | தீர்ப்பது | மறைந்த செலவு | சிறந்த இடம் |
|---|---|---|---|
| அமைப்பு மாற்றம் | முகவரி, அடையாளம், மாறக் கூடிய பின்கள் | தயாரிப்பாளர் நிரலைத் திருத்திப் பராமரித்தல் | ஜம்பரோ ஓவர்லே அளவுருவோ இருக்கும்போது |
| வயர் | பின் மோதல் | கழலும் இணைப்பு, நீள வரம்பு | ரிலே, பொத்தான், விளக்கு |
| மல்டிபிளெக்சர் | முகவரி | 70 மோதல், புல்-அப் கணக்கு | முகவரி மாறாத பல உணரிகள் |
| எக்ஸ்பாண்டர் | பின் பற்றாக்குறை | வேகக் குறைவு | நிறைய ரிலேக்கள் |
| யுஎஸ்பி | பின், உள்வளம் | பழைய போர்டு வீண், சாதனப் பெயர் | நீண்ட காலம் ஓடும் அமைப்பு |
| பிக்கோ | பின் மோதலும் நேரத் துல்லியமும் | இரண்டு நிரல்கள் | பம்பு, கதவு, ஹீட்டர் |

எந்த வழியை எடுத்தாலும் மின்சாரக் கணக்கு தனியே நிற்கிறது. 5 வோல்ட் ரிலே ஒன்றின் சுருள் சுமார் 70 மில்லிஆம்பியர் எடுக்கும். மூன்றும் சேர்ந்து இயங்கினால் 200ஐத் தாண்டும். அது 5 வோல்ட் பின்னிலிருந்து வரலாம், ஜிபிஐஓ பின்னிலிருந்து வரக் கூடாது. ஒரு ஜிபிஐஓ பின்னின் எல்லை 16 மில்லிஆம்பியர். போர்டுகள் எல்லாம் ஏறிய பிறகு மின்னழுத்தக் குறைவு பற்றிய எச்சரிக்கையைப் பை பதிவு செய்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; மோதல் என்று நினைத்தது வெறும் மின்வழங்கிக் குறைபாடாக முடியும் வழக்குகள் இருக்கின்றன.

## சில நிலைமைகளும் என் தேர்வும்

டாக் போர்டும் மூன்று ரிலேக்களும் என்றால்: வயர், மேலே சொன்ன 5, 6 பின்கள். எட்டு ரிலேக்கள் என்றால் எக்ஸ்பாண்டர். அவை மின்மோட்டாரை இயக்குவதானால் எண்ணிக்கை எதுவானாலும் பிக்கோ.

சர்வோ போர்டும் எஸ்ஐ7021உம் என்றால்: சர்வோ போர்டின் முகவரித் திட்டில் ஒரு துளி சால்டர் வைத்து 41க்கு நகர்த்துவது. மல்டிபிளெக்சர் வேண்டாம்.

3.5 அங்குல எஸ்பிஐ தொடுதிரையும் கேன் போர்டும் டாக் போர்டும் என்றால் நிலைமை கடினம். அந்தத் திரை காட்சிக்கும் தொடுதலுக்குமாக எஸ்பிஐ0இன் இரண்டு தேர்வுப் பின்களையும், 7, 8, எடுத்துக்கொள்கிறது. எஸ்பிஐ1ஐத் திறக்கலாம் என்றால் அதன் 19, 20, 21 ஆகியவை ஆடியோவிடம் இருக்கின்றன. பை 4இல் கூடுதல் எஸ்பிஐ பாதைகள் உண்டு, ஆனால் போர்டுகளுக்கான ஆயத்த ஓவர்லேகள் பல முதல் இரண்டு பாதைகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. இங்கே கேனை யுஎஸ்பிக்கு அனுப்புவேன். அல்லது திரையை எச்டிஎம்ஐக்கோ டிஎஸ்ஐ ரிப்பனுக்கோ மாற்றுவேன்.

ஜிபிஎஸ், ஆர்எஸ்485, மோடம் என மூன்று சீரியல் கருவிகள் என்றால் பை 3ஐ விட்டு பை 4க்கு மாறுவதே மலிவு. அதில் யுஆர்ட் 2 முதல் 5 வரை நான்கு கூடுதலாக உள்ளன. ஆனால் நான்கும் கைக்குக் கிடைக்காது. யுஆர்ட்2 அடையாளப் பின்களான 0, 1இல் இருக்கிறது. யுஆர்ட்4 இருப்பது 8, 9இல்; எஸ்பிஐ0 ஓடினால் அது போயிற்று. மிஞ்சுபவை 4, 5இல் உள்ள யுஆர்ட்3உம் 12, 13இல் உள்ள யுஆர்ட்5உம். 14, 15ஐச் சேர்த்தால் மூன்று கருவிகளுக்குச் சரியாகப் போதும். பை 5இல் இதே பின் இணைகள்தான், எண்கள் மட்டும் ஒன்று குறைந்து 1 முதல் 4 வரை வரும். ஆம்ப்2 போர்டும் மேலே இருக்குமானால் அதன் ஒலி முடக்கும் பின் 4 என்பதால் யுஆர்ட்3உம் போய்விடும். அப்போது மூன்றாவது கருவிக்கு யுஎஸ்பி சீரியல் மாற்றிதான், அதுவும் மோடமாக இருக்கட்டும், ஏனெனில் மோடம் போர்டுகள் பலவற்றில் யுஎஸ்பி வாய் ஏற்கெனவே இருக்கிறது.